கேதாரப் பாதை தரும் பாடம்
(இறம்பொடையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதாரத்தை 2013 யூன் 16, 17ஆம் நாட்களில் பெருமழை தாக்கிற்று. மேலிருந்த சோராபாரி ஏரி உடைந்தது, வழித் தங்கலான ராம்பாரா அடியோடு அழிந்தது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். கோயில் மட்டும் நிலைத்தது. பின்னர் மந்தாகினியின் மறுகரையில் புதுப் பாதை வெட்டினர். அதில் நாம் நடந்தபோது, எதிர்க்கரையில் பழைய பாதையின் துண்டுகளைக் கண்டு நெஞ்சு கனத்தது.

2025 நவம்பரில் டித்வா புயல் நம் மலையகத்திலும் மண்சரிவால் உயிர்களைப் பறித்ததன்றோ? சரிந்த மண்ணிலேயே மீண்டும் லயம் கட்டலாமா? கேதாரத்தில் பாதையையே மாற்றினார்கள்; நம் குடியிருப்புகளையும் பத்திரமான நிலத்துக்கு மாற்றக் கேட்போம். அதுவரை, கடும் மழை இரவுகளில் முதியோரைக் கைப்பிடித்து வெளியேற்றுவது இளைஞர் கடமை. அதுவே சிவத்தொண்டு.