ஊழிக்குப் பின் ஓர் ஊர்

பெங்களூரின் ஒக்கலிபுரத்தில் எம் இல்லத்துப் பிள்ளைகள் நால்வர் கோடை விடுமுறையில் ஒரு புது விளையாட்டை உண்டாக்க முற்பட்டனர். உலகம் அழிந்தபின் எஞ்சியோர் எவ்வாறு வாழ்வர் என்பதே அதன் பொருள். ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்பர். ஒருவர் கதையை நடத்துவார். எடுத்த செயல் வெல்லுமா தோற்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். அமெரிக்காவில் 1974-இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டம் இவ்வகைக்கு முன்னோடி. அழிந்த உலகையே களமாகக் கொண்ட 'காமா வேர்ல்ட்' 1978-இல் வந்தது.

மொழிபெயர்ப்பே நமக்குத் தொழிலாதலின், ஆட்டத்துக்குத் தமிழ்ப் பெயர் கேட்டு வந்தனர். 'ஊழி' என்றோம். யுகத்தையும் அதன் முடிவையும் ஒருங்கே குறிக்கும் சொல் அது. ஆங்கிலத்தார் வழங்கும் 'அபாகலிப்ஸ்' என்னும் சொல்லோ, அதன் கிரேக்க மூலத்தில் திரை விலக்குதல் என்று பொருள்படும். ஓர் ஊர் எதனை நம்பி நின்றது என்பதை அதன் அழிவு வெளிப்படுத்திவிடும் அன்றோ?

பிள்ளைகள் வரைந்து வந்த படத்தில் துப்பாக்கிகளும் பூதங்களும் நிறைந்திருந்தன. "முதல் நாள் காலையில் குடிக்கத் தண்ணீர் எங்கே?" என்று மட்டும் கேட்டோம். குழாயைக் காட்டினர். குழாயின் வரலாற்றைச் சொல்ல வேண்டியதாயிற்று. பெங்களூர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. பேராறு எதுவும் அதன் அருகில் இல்லை. முன்னோர் ஏரிகளை வெட்டி வாழ்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹெசரகட்டாவிலிருந்தும், 1933-இல் திப்பகொண்டனஹள்ளியிலிருந்தும் அர்க்காவதி நீர் வந்தது. 1974-இல் காவிரி வந்தது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, தொரேகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுணி என மூன்று நிலைகளில் எந்திரங்கள் அதனைச் சுமார் 500 மீட்டர் உயரம் ஏற்றுகின்றன. மின்சாரம் நின்றால் காவிரி மேலேறாது. பழைய தர்மாம்புதி ஏரிக்குத் திரும்பலாமெனில், அது இன்று கெம்பேகௌடா பேருந்து நிலையமாக உள்ளது! பிள்ளைகள் துப்பாக்கிகளை அழித்துவிட்டுக் கிணறுகளைத் தேடிக் குறிக்கலாயினர்.

அடுத்த வினா, ஊரை விட்டு நீங்குவோர் எதனை எடுத்துச் செல்வர் என்பது. இதற்கு விடை நம் முன்னோரிடமே உண்டு. இறையனார் அகப்பொருள் உரை மூன்று சங்கங்களைக் கூறுகிறது. 4440 ஆண்டு நடந்த தலைச்சங்கத்து மதுரையைக் கடல் கொண்டது. 3700 ஆண்டு நடந்த இடைச்சங்கத்துக் கபாடபுரத்தையும் கடல் கொண்டது. பின்னர் இன்றைய மதுரையில் 1850 ஆண்டு கடைச்சங்கம் நடந்தது என்பர். வரலாற்று அறிஞர் இவ்வெண்களை ஏற்பதில்லை. எனினும் இடைச்சங்கத்தார்க்கு ஐந்து நூல்கள் இலக்கணமாயிருந்தன என்றும், கடைச்சங்கத்தார்க்கு அகத்தியமும் தொல்காப்பியமுமே இருந்தன என்றும் அவ்வுரை கூறுவது கருதத்தக்கது. இன்று அகத்தியமும் முழு நூலாக நம்மிடம் இல்லை. ஒவ்வோர் அழிவிலும் கைச்சுமை குறைகிறது.

மூன்றாவது வினா, எஞ்சியோர் எவ்வாறு வாழ்வர் என்பது. இதற்குக் கற்பனை வேண்டியதில்லை. கோலார் தங்கவயல் அருகிலேயே உள்ளது. 1880 முதல், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்ற நம்மவர் பல்லாயிரவர் அங்கே மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்வரை இறங்கி உழைத்தனர். சிவசமுத்திரத்துக் காவிரி அருவியின் மின்சாரம் பெங்களூருக்கு வருமுன்பே, 1902-இல், அவ்வயலுக்குச் சென்றது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. சுரங்கங்களில் நீர் நிறைந்தது. சயனைடு கலந்த மண்மேடுகள் குன்றுகளாய் நிற்கின்றன. அங்குள்ளோர் ஒருவரையொருவர் வேட்டையாடிக்கொண்டு திரியவில்லை. விடியுமுன் எழுந்து, சோற்றுப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு, மாரிக்குப்பத்து ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வருகின்றனர். இரவில் வீடு திரும்புகின்றனர். ஊழிக்குப் பிந்திய வாழ்வு பெரும்பாலும் இத்தகையதே.

பிள்ளைகள் இதனைக் கேட்டபின் விதிகளைத் திருத்தி எழுதினர். ஒவ்வொருவரும் மூன்று பொருள்களையே சுமக்கலாம். அண்டை வீட்டாரோடு பேசக் கன்னடம் தெரிந்தவர் குழுவில் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். ஏனெனில், கிணறு அவர் வீட்டிலும் இருக்கலாம். புத்தகம் சுமப்பவர் அதனைப் படிக்கத் தெரிந்தவராதல் வேண்டும்.

இறுதி விதியை எழுதியவள் எட்டு வயதுச் சிறுமி. எழுதிய பின்னரே அவளுக்கு ஓர் உண்மை புலப்பட்டது. நால்வரும் தமிழ் பேசுவர். தமிழ் படிக்க மூத்தவன் ஒருவனுக்கே தெரியும். பகடையில் அவன் தோற்றுவிட்டால் நூலைப் படிக்க எவரும் இலர். விதியை நீக்கிவிடலாமா என்று மற்றவர் கேட்டனர். அவள் இசையவில்லை, சிலேட்டை எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தாள். அன்று மாலை ஆட்டம் நின்றது. அகர வரிசை தொடங்கிற்று. வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களும் தத்தம் இல்லத்தில் இவ்வாட்டத்தை ஒருமுறை ஆடிப் பார்ப்பது நலம்.