பிந்தி முளைக்கும் கொச்சி விதை



மட்டக்களப்பு வாவிக்கரையில் மிளகாயைக் கொச்சிக்காய் என்பார்கள். அங்கே வேலியோரம் தானாக முளைக்கும் சின்னக் கொச்சியை விதைப்பது குருவிதான். அதற்கு உறைப்புத் தெரியாது. விதை எச்சத்தோடு முழுசாக விழும். மிளகாயின் தாய்நாடான அமெரிக்கக் கண்டத்தில் 2001இல் வெளியான ஆய்வில், எலி தின்ற விதை முளைக்கவில்லை. பறவை தின்றது முளைத்தது.

கடை விதை பத்து நாளளவில் சேர்ந்து முளைக்கும். காட்டுக் கொச்சி ஒன்று இன்றைக்கு, இன்னொன்று அடுத்த மாதம். எல்லாம் ஒன்றாய் முளைத்தால் ஒரே வரட்சியில் அத்தனையும் போய்விடுமே! மலைக்குளிரில் இன்னும் பிந்தும்.

நானும் ஒருதரம் அவசரப்பட்டு மேடை மண்ணைக் கொட்டினேன். கொட்டின இடத்தில் பிறகு முளைத்தது. ஈரம் காயாமல் ஒரு மாதமாவது பொறுத்துப் பாருங்க. பிந்துற விதை செத்த விதை இல்லை.