துலாக்கோல் யார் கையில்?

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுக்காலம் நம் குடியிருப்புகளில் அறிவு விளக்கேற்றி வந்த கழகத்தின் விழா இது. இவ்விழாவில் தொலைதூரச் சிற்றூர் ஒன்றின் வரலாற்றைக் கூற விழைகின்றோம். கல்வி விழாவில் வாணிகப் பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். இரண்டுக்கும் உள்ள உறவு போகப்போக விளங்கும்.

இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில் கார்ஸ்டாங் என்றோர் ஊர் உண்டு. மக்கள்தொகை சில ஆயிரமே. வறுமை ஒழிப்புக்குப் பாடுபடும் ஆக்ஸ்ஃபாம் அமைப்பின் உள்ளூர்த் தொண்டர் குழு ஒன்று அங்கே இயங்கிற்று. கால்நடை மருத்துவரான புரூஸ் குரோதர் அதனை முன்னின்று நடத்தினார். தேயிலையும் காப்பியும் கொக்கோவும் விளைவிக்கும் ஏழைகளுக்கு உரிய விலை சேரவேண்டும். அவ்வாறு வாங்கிய பண்டங்களையே தம்மூரார் பயன்படுத்தவேண்டும். இதுவே அவர்கள் கோரிக்கை. 'நியாய வணிகம்' என்பது அதன் பெயர்.

1992 முதல் அவர்கள் பேசிப் பார்த்தனர்; பயன் சிறிதே. 2000ஆம் ஆண்டில் புதுவழி ஒன்று கண்டனர். ஊர்மன்றத்தார், தேவாலயத்தார், பள்ளியினர், வணிகர் ஆகியோரை விருந்துக்கு அழைத்தனர். நியாய வணிகப் பண்டங்களும் உள்ளூர் விளைபொருள்களும் அவ்விருந்தில் பரிமாறப்பட்டன. பாலுக்குக் கட்டுப்படியான விலை கிடைக்காமல் அவ்வூர் உழவரும் அல்லலுற்ற காலம் அது. எங்கோ உள்ள உழவனுக்கும் தம்மூர் உழவனுக்கும் துயர் ஒன்றே என்பதைக் குழுவினர் எடுத்துரைத்தனர். அவ்வாண்டு ஏப்ரலில் கூடிய ஊர்ப் பொதுக்கூட்டம், கார்ஸ்டாங்கை உலகின் முதல் நியாய வணிக ஊர் என்று அறிவித்தது. அரசாணை எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. 2001இல் பிரிட்டனின் நியாய வணிக அறக்கட்டளை அதனை ஏற்றது. பின்னர் இவ்வியக்கம் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் பரவிற்று.

கார்ஸ்டாங்கிற்கு அண்மையிலுள்ள லங்காஸ்டர், 18ஆம் நூற்றாண்டில் அடிமை வாணிகம் நடந்த துறைமுகம். ஆயினும் அதே நாட்டு மக்கள் பல்லாயிரவர், அடிமைகள் விளைவித்த சர்க்கரையை 1791இல் வாங்க மறுத்தனர். 1807இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை வாணிகத்தைத் தடை செய்தது. வாங்குவோன் கேட்கும் கேள்விக்கும் வலிமை உண்டு என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

கார்ஸ்டாங் மக்கள், கானா நாட்டில் கொக்கோ விளையும் நியூ கோஃபோரிடுவா என்னும் ஊருடன் உறவு பூண்டனர். அந்நாட்டுக் கொக்கோ உழவர்கள் 1993இல் குவாப்பா கொக்கூ என்னும் கூட்டுறவை நிறுவினர். தரகர்கள் எடையில் ஏய்த்து வந்த கொடுமைக்கு முடிவு கட்டத் தம் விளைச்சலைத் தாமே நிறுக்கத் தொடங்கினர். நியாய வணிகத்தில் விலைக்கு மேல் ஒரு மிகைத்தொகை உண்டு. அதனை எதற்குச் செலவிடுவது என்று உழவரே கூடி முடிவு செய்வர். கிணறுகளும் பள்ளிகளும் அதனால் எழுந்தன.

இதனைப் படித்தபோது எங்கள் நெஞ்சில் நம் முன்னோரின் களத்துமேடு தோன்றிற்று. பண்ணைக்கு நெல் அளக்க ஒரு மரக்கால். கூலி அளக்க வேறொரு மரக்கால். இரண்டும் ஒன்றல்ல என்று பாட்டன்மார் அறிவர். கேட்க நா எழவில்லை. நம்மவர் பலர் கங்காணி பின்னே இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறினர். அங்கே கூடை நிறையக் கொழுந்து கொய்தவர்க்குத் தராசின் முள்ளைப் படிக்கத் தெரியாது. எழுதப்பட்ட எடையே எடை. பற்றேட்டில் கண்ட கடனே கடன்.

துலாக்கோலைச் சான்றோர்க்கு உவமையாக்கினார் வள்ளுவர். ஆனால் அக்கோலைப் பிடித்த கை என்றும் நம் கையாக இருந்ததில்லை. அண்ணல் அம்பேத்கர் கல்வியை முதற்படியாக வைத்ததன் பொருளை இங்கேதான் நாம் உணர்கின்றோம். எண்ணும் எழுத்தும் அறியாதவன் கையில் துலாக்கோலைக் கொடுத்தாலும் பயனில்லை. அறிந்தவனை ஏய்ப்பது எளிதன்று.

நியாய வணிக முத்திரை ஒன்றே விடிவாகிவிடாது. கொக்கோ உழவரின் வறுமை இன்னும் தீர்ந்தபாடில்லை. நம் நாட்டில் சாதி இழிவைத் துடைக்கும் முத்திரையும் எதுவுமில்லை. எனினும் அச்சிறு குழு நமக்கு ஒன்றைக் கற்பிக்கிறது. இரக்கப்பட்டுக் கொடுப்பது வேறு. உரியதைக் கொடுப்பது வேறு. முன்னது வாங்குவோனைக் குனிய வைக்கும்; பின்னது நிமிரச் செய்யும்.

ஆகவே கழகத்தாரிடம் எங்கள் வேண்டுகோள் இரண்டு. மாணவர் சீருடையும் காலணியும் வாங்கும்போது, தைத்தவர்க்கும் தோல் பதப்படுத்தியவர்க்கும் என்ன கூலி கிடைத்தது என்று கேளுங்கள். மாலை வகுப்புகளில் நம் பிள்ளைகளுக்கு எடையும் அளவையும் கூலிக் கணக்கும் கற்பியுங்கள். தாய்மார்களையும் உடன் அமர்த்துங்கள்.

பாட்டன் கேட்கத் தயங்கிய கேள்வியைப் பேத்தி கேட்கட்டும். அந்நாளே நம் கழகத்தின் உண்மையான வெள்ளிவிழா.