ஈரலில் ஒளிந்திருக்கும் நாடாப்புழு

நாடாப்புழு என்றதும், முழக்கணக்கில் நீண்டு குடலில் கிடக்கும் புழுதான் நம் நினைவுக்கு வரும். இன்று நாம் பேசப்போவது அரிசி மணியைவிடச் சிறிய ஒரு நாடாப்புழுவைப் பற்றி. எக்கைனோகாக்கஸ் மல்டிலோகுலாரிஸ் என்பது இதன் பெயர். இது வட உலகின் குளிர் நாடுகளுக்கு உரியது.

இப்புழு நரியின் குடலில் வாழ்கிறது. இதன் முட்டைகள் நரியின் மலத்தோடு மண்ணில் விழுகின்றன. அவற்றை எலி தின்றால், இளம்புழு எலியின் ஈரலில் வளர்கிறது. அந்த எலியைத் தின்னும் நரிக்கோ நாய்க்கோ மீண்டும் குடலில் புழு உண்டாகிறது. மனிதனுக்கு இந்தச் சுற்றில் இடமில்லை. ஆனால் கழுவாத கீரை, மண் பட்ட கை, நாயின் ரோமம் ஆகியவற்றின் வழியே முட்டை வாய்க்குள் போய்விட்டால், எலிக்கு நேர்வது அவனுக்கும் நேர்கிறது.

இளம்புழு ஈரலில் கட்டியைப் போலப் பரவும். 5 முதல் 15 ஆண்டுகள் வரை எந்த அறிகுறியும் தெரியாமல் இருக்கலாம். பிறகுதான் வயிற்றுவலி, உடல் மெலிவு, மஞ்சள் காமாலை எல்லாம் வரும். முன்னாளில் மருத்துவர்கள் இதைப் புற்றுநோய் என்றே எண்ணினர். இது புழுவின் வேலை என்று 1855-ஆம் ஆண்டில் காட்டியவர் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோவ்.

ஐரோப்பாவில் 1980-களின் இறுதிவரை சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, பிரான்சு, ஆஸ்திரியா ஆகிய நாடுகளில்தான் இப்புழு அறியப்பட்டிருந்தது. வெறிநோய்த் தடுப்பு மருந்தை இரையில் வைத்து ஊட்டியதால் நரிகள் பெருகின, நகரங்களுக்குள்ளும் புகுந்தன. புழு போலந்திலும் டென்மார்க்கிலும் காணப்பட்டது. 2011-இல் சுவீடனிலும் தென்பட்டது. கனடாவின் மேற்குப் பகுதியில் 2009-இல் ஒரு நாயின் ஈரலில் இதைக் கண்டனர். அங்கே ஆல்பர்ட்டா மாநிலத்தில் 2013 முதல் 2020 வரை 17 பேருக்கு இந்நோய் கண்டறியப்பட்டது.

நோய் புதிய ஊருக்குப் போகும்போது, அவ்வூர் மருத்துவர் அதை முன்பு பார்த்திருக்க மாட்டார். ஸ்கேன் படத்தில் கட்டி தெரிந்தால் புற்றுநோய் என்றே அவருக்குத் தோன்றும். மலத்தைச் சோதித்தும் பயனில்லை. மனிதனிடம் புழு குடலில் இருப்பதில்லை. இரத்தச் சோதனையும், ஊசியால் எடுத்த சதைத் துணுக்கின் சோதனையும்தான் உண்மையைச் சொல்லும். ஆனால் இந்தப் புழுவாக இருக்குமோ என்ற ஐயம் எழுந்தால்தானே அச்சோதனைகளைச் செய்வார்கள்? முன்கூட்டியே கண்டால் கட்டியை அறுத்தெடுத்து, அல்பெண்டசோல் மருந்தை ஈராண்டேனும் கொடுத்துக் காப்பாற்றலாம். பிந்திவிட்டால் அம்மருந்தை ஆயுள் முழுவதும் உண்ண நேரிடலாம். சிகிச்சையே இல்லாவிட்டால் பெரும்பாலோர் உயிர் பிழைப்பதில்லை.

நம் தோட்டங்களில் உள்ளோர் இந்த நோயை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும், "எங்கே வேலை செய்தீர்கள்? வீட்டில் நாய் உண்டா? எந்த நாட்டுக்குப் போய் வந்தீர்கள்?" என்று டாக்டர் கேட்டால், அது வீண் பேச்சன்று. எந்த நோயானாலும் சரியான சோதனைக்கு வழிகாட்டுவது அந்தப் பதில்தான். கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிடுவோம். குளிர் நாடுகளில் படிக்கவும் வேலை செய்யவும் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இதை எடுத்துச் சொல்வோம். நாயைத் தொட்ட கையையும் மண்ணளைந்த கையையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சோற்றில் வைப்போம்.