குடும்பப் படமும் நம் வரலாறும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



25 ஆண்டுகளாக நம் சமுதாயப் பிள்ளைகளின் கல்விக்கு அயராது உழைத்துவரும் இக்கழகத்தின் விழாவிலே எம்மையும் பேசப் பணித்தமைக்கு நன்றியுடையோம். கல்வியின் சிறப்பைக் குறித்து அறிஞர் பலர் இம்மேடையில் பேசுவர். நாம் ஒரு சிறு பொருளைப் பற்றியே பேச விழைகின்றோம். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் குடும்பப் படமே அப்பொருள். ‘இதுவும் ஒரு பேசுபொருளா?’ என்று இளைஞர் சிலர் எண்ணக்கூடும். சற்றே பொறுமையோடு கேட்குமாறு வேண்டுகின்றோம்.

எம் இல்லத்தில் ஒரு படம் உண்டு. 1968-ஆம் ஆண்டு, திருமணம் முடிந்த சில நாட்களில், எம் பெற்றோர் மேலூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பேருந்தேறி மதுரைக்கு வந்து, டவுன்ஹால் ரோட்டருகே ஒரு ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட படம் அது. தந்தையார் அணிந்திருந்த வெள்ளைச் சட்டை இரவல். கைக்கடிகாரம் ஸ்டூடியோக்காரர் கட்டிவிட்டது. பின்னாலிருந்த மாளிகையும் தோட்டமும் திரையில் எழுதியவை. ஆயினும் அப்படத்தில் இரண்டு செய்திகளை எவரும் மறுக்க முடியாது. தந்தையார் நாற்காலியில் அமர்ந்திருக்கின்றார். கால்களில் செருப்பு அணிந்திருக்கின்றார்.

அக்காலத்தில் எம் ஊரிலே நிலக்காரர் முன்னிலையில் நம்மவர் நாற்காலியில் அமர்தல் இயலாது. ஊர்த்தெருவில் கால் வைக்குமுன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊர் தர மறுத்த நாற்காலியை எம் தந்தையார் தம் கூலிக் காசைக் கொடுத்து ஒரு நாழிகைக்கு வாங்கினார். தாம் எவ்வாறு காணப்பட வேண்டும் என்பதை அன்று அவரே முடிவு செய்தார். அதற்கு முன் நம்மவரைப் பிறர் எடுத்த படங்கள் எவ்வாறிருந்தன என்று பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

புகைப்படக் கலை 1839-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் நிறைவதற்குள் அது மதுரைக்கு வந்துவிட்டது. 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் தெப்பக்குளத்தையும் அழகுறப் படம் பிடித்தார். அவர் நாடியவை கட்டடங்களே. மனிதரைப் படம் பிடிக்கும் முயற்சி அடுத்து வந்தது. 1868 முதல் 1875 வரை ‘இந்திய மக்கள்’ என்னும் பெயரில் 8 தொகுதிகளை ஆங்கில அரசு வெளியிட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரி என்பாரின் துணையோடு, தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றிய 7 தொகுதிகளை 1909-இல் வெளியிட்டார். அவர் மக்களின் தலையையும் மூக்கையும் அளவுகோல் கொண்டு அளந்து குறித்துக்கொண்டவர். அத்தகைய நூல்களின் படங்களுக்குக் கீழே பெரும்பாலும் சாதிப் பெயரே அச்சாகியிருக்கும். படத்தில் நிற்பவர் பெயர் என்ன, ஊர் எது, மனைவி மக்கள் யாவர் என்று கேட்டெழுதுவார் இலர்.

இதற்கு நேர்மாறான ஒரு படத்தை இங்கே நினைவூட்ட விரும்புகின்றோம். 1934-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பம்பாய் இராஜகிருக இல்லத்தில் அண்ணல் அம்பேத்கர் தம் குடும்பத்தாரோடு எடுத்துக்கொண்ட படம் அது. மகன் யஷ்வந்த், அண்ணல், துணைவியார் இரமாபாய், தமையனாரின் மனைவி இலக்குமிபாய், தமையனார் மகன் முகுந்தன் ஆகியோர் அதில் உள்ளனர். அண்ணல் வளர்த்த டாபி என்னும் நாயும் உண்டு. அங்கே மனிதனுக்கே பெயரில்லை. இங்கே நாய்க்கும் பெயருண்டு. குடும்பத்தார் எடுத்த படத்துக்கும் அயலார் எடுத்த படத்துக்கும் உள்ள வேற்றுமை இதுவே. இன்னொன்றும் எண்ணிப் பாருங்கள். நான்கு குழந்தைகளைப் பறிகொடுத்த அன்னை இரமாபாய் 1935 மே மாதத்தில் மறைந்தார். அப்படம் எடுத்து ஒன்றேகால் ஆண்டுதான் ஆகியிருந்தது. ‘பிறகு எடுத்துக்கொள்ளலாம்’ என்று விட்டிருந்தால் அந்தப் ‘பிறகு’ வந்தே இராது.

நம் மதுரையை எடுத்துக்கொள்வோம். 1939 சூலை 8-ஆம் நாள் வைத்தியநாத ஐயர் தலைமையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நம்மவர் நுழைந்தனர் என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கின்றோம். உடன் சென்றவருள் மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன் அவர்களின் முகத்தை நாம் அறிவோம். ஏனையோர் முகங்களை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இதே குறை உண்டு. எம் பாட்டனார்க்குப் படமே இல்லை. அவர் முகம் எம் தந்தையாரின் நினைவில் இருந்தது. தந்தையாரோடு அதுவும் போயிற்று.

இனி நாம் செய்த தவறொன்றை மறையாமல் கூறுகின்றோம். முன்னே சொன்ன திருமணப் படம் பல்லாண்டுகள் மேற்குச் சுவரில் தொங்கியது. ஓர் ஐப்பசி மழையில் சுவரில் ஓதம் ஏறிப் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. நாம் படித்தவர் என்ற துணிவில் சட்டத்தைக் கழற்றிப் படத்தை உரித்தெடுத்தோம். தந்தையார் தாளில் நின்றார். தாயாரின் முகம் கண்ணாடியோடு போயிற்று. அவர்தம் இளமைக்கு வேறு படம் இல்லை. இன்று எம் வீட்டில் மாலையிட்டிருப்பது வாக்காளர் அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய படம். வெயிலில் வரிசையில் நின்று களைத்த முகம் அது. எம் பேத்தி, ‘பாட்டி எப்போதும் கோபமாகவே இருப்பாரா?’ என்று கேட்கிறாள். எவ்வளவு சிரித்தவர் என்று சொல்லலாம், காட்ட முடியவில்லை.

ஆகவே அனுபவத்தால் அறிந்த சிலவற்றைக் கூறுகின்றோம். பழைய கறுப்பு வெள்ளைப் படம் தாள்மேல் பூசிய செலட்டின் படலத்தில் நுண்ணிய வெள்ளித் துகள்களால் அமைந்தது. ஹைப்போ நீங்க நன்கு கழுவிய படம் நூறாண்டுக்கு மேலும் நிற்கும். வண்ணப் படத்தின் சாயமோ வெளிச்சம் பட்டால் விரைவில் வெளிறும். செலட்டின் ஈரம் பட்டால் பசையாகிக் கண்ணாடியைப் பற்றும். எனவே கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில் அட்டை விளிம்பு வைத்துச் சட்டமிடுங்கள். ஒட்டிக்கொண்டால் உரிக்காதீர்கள், கண்ணாடியோடு வைத்தே முதலில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பழம்படத்தை லேமினேஷன் செய்யாதீர்கள். மூலப் படத்தைக் காகித உறையிலிட்டு, ஓதமும் கறையானும் அணுகாத பெட்டியில் வைத்து, பிரதியைச் சுவரில் மாட்டுங்கள். பின்புறத்தில் மென்மையான பென்சிலால் பெயர், உறவு, ஊர், ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். பெயரில்லாத படம் இரண்டு தலைமுறையில் அயலார் படமாகிவிடும்.

‘எம் கைப்பேசியில் ஆயிரம் படங்கள் உள்ளனவே’ என்பீர்கள். மகிழ்ச்சியே. அவற்றுள் உங்கள் அப்பத்தாவின் படம் எத்தனை? கைப்பேசி தொலைந்தாலோ பழுதுற்றாலோ அவை எங்கே? ஆயிரத்தில் பத்தையேனும் தேர்ந்து நல்ல தாளில் அச்சிடுங்கள். அச்சிட்ட படத்தைப் பார்க்க மின்சாரமும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம்.

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் உதவியோடு, தமிழகத்துப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடித் திரட்டி எண்ணியல் பிரதி எடுத்திருக்கின்றது. பாராட்டத்தக்க பணி. எனினும் படத்திலிருப்பவர் இன்னார் என்று சொல்ல வீட்டார் வேண்டும். அப்பணி நம்முடையது. ஆதலின் இக்கழகத்தின்முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் குடும்பத்தின் மிகப் பழைய படத்தைக் கொணர்க. இளைஞர்கள் பிரதி எடுத்து, முதியோரைக் கேட்டுப் பெயர்களை எழுதி, ஓர் ஆல்பமாகக் கழக நூலகத்தில் வைத்துக் காக்க. படமே இல்லாத முதியோர் நம் தெருக்களில் இன்னும் உளர். அவர்களை வரும் ஞாயிற்றுக்கிழமையே நாற்காலியில் அமர்த்திப் படம் எடுங்கள். செருப்பு அணிந்தே அமரட்டும்.