விமானம் ஏறும் முன்



ஆள்கடத்தலுக்கு எதிராக ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆர்வத்தோடு வருகிற இளைஞர்களிடம் பேசிப் பார்த்தால், பலர் மனதில் ஒரு சினிமாக் காட்சி ஓடுவது தெரியும். நள்ளிரவு, பூட்டிய கிடங்கு, கதவை உடைத்துக்கொண்டு பாயும் கதாநாயகன். அந்த ஆசையை முதல் நாளே கலைத்துவிடுவது நல்லது. செங்கல் சூளையில் குடும்பங்களை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நாமே நாலு பேராகப் போய் விசாரித்தால் என்ன ஆகும்? அன்றிரவே அந்தக் குடும்பங்களை வண்டியில் ஏற்றி வேறு சூளைக்கு அனுப்பிவிடுவார்கள். மறுநாள் அதிகாரிகள் வரும்போது காலிக் குடிசைகள்தான் இருக்கும். மீட்பு மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் செய்ய வேண்டிய வேலை. தகவலைச் சத்தமில்லாமல் அவர்களிடம் சேர்ப்பதோடு நம் பங்கு முடிந்தது.

அப்படியானால் தன்னார்வலருக்கு என்னதான் வேலை என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. அதில் பெரும்பகுதி, ஆள் விமானம் ஏறுவதற்கு முன்னால் நடக்க வேண்டியது.

2022-இல் நடந்தது நினைவிருக்கும். தாய்லாந்தில் கணினி வேலை, கைநிறையச் சம்பளம் என்று நம்பி நம் பிள்ளைகள் பாங்காக் போய் இறங்கினார்கள். அங்கிருந்து காரில் மணிக்கணக்காகப் பயணம், மே சோட் என்ற எல்லை ஊர். பிறகு மோய் ஆறு. அக்கரையில் மியான்மரின் மியாவாடி. பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, உயரமான சுற்றுச்சுவருக்குள் உட்காரவைத்து, முகம் தெரியாதவர்களிடம் காதல் பேச்சும் கிரிப்டோ முதலீட்டுப் பேச்சும் பேசிப் பணம் பறிக்கச் சொன்னார்கள். மறுத்தவர்களுக்கு அடி. வெளியேற வேண்டுமென்றால் லட்சக்கணக்கில் பணம் கட்டு என்றார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் முதலில் 13 தமிழர்கள் சென்னை திரும்பினார்கள். கதை அதோடு முடியவில்லை. 2025 மார்ச்சில் இரண்டே நாளில் 549 இந்தியர்களை விமானப்படை விமானங்கள் மே சோட்டிலிருந்து அழைத்து வந்தன. மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023-இல் மதிப்பிட்டது.

போனவர்களில் பலர் படித்தவர்கள், ஆங்கிலம் பேசத் தெரிந்தவர்கள். அதனால்தான் அவர்களைத் தேடிப் பிடித்தார்கள். 'பேராசைப்பட்டுப் போனார்கள்' என்று திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பொறியியல் படித்துவிட்டு உள்ளூரில் பத்தாயிரம், பன்னிரண்டாயிரத்துக்கு அல்லாடுகிற பையன் நல்ல சம்பளத்துக்கு ஆசைப்படுவதில் என்ன குற்றம்? அவனுக்கு அறிவுரை தேவையில்லை. கையில் இருக்கும் வேலை உத்தரவுக் காகிதத்தை, பக்கத்தில் உட்கார்ந்து படித்துப் பார்க்க ஒரு ஆள் தேவை.

அந்தக் காகிதத்தைத்தான் நாமும் பார்ப்போமே. பெரும்பாலும் அது காகிதமாகக்கூட இருக்காது, வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படம். மேலே பளபளப்பான லோகோ, கீழே மேலாளர் கையெழுத்து. மின்னஞ்சல் முகவரி மட்டும் ஜிமெயிலில் முடியும். நேர்காணல் எப்படி நடந்தது தம்பி என்று கேளுங்கள். 'போன்லயே பத்து நிமிஷம் பேசினாங்க அண்ணே, டைப்பிங் ஸ்பீடு மட்டும் கேட்டாங்க' என்பான். விசா? 'டூரிஸ்ட் விசாதான். அங்க போனதும் மாத்திக் குடுத்துடுவாங்களாம்.' இந்த இடத்தில்தான் நாம் பேனாவைக் கீழே வைக்க வேண்டும். சுற்றுலா விசாவில் போய் வேலை பார்த்தால், அந்த நாட்டுச் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி அவன்தான். அதைச் சொல்லியே மிரட்டிப் பணியவைப்பார்கள்.

அடுத்தது ஏஜென்ட். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர், 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது. உரிமம் நடப்பில் உள்ளதா, ரத்தாகிவிட்டதா என்பதையும் காட்டும். பார்க்க ஐந்து நிமிடம் போதும். 'நான் அவங்க ஆளு, சப்-ஏஜென்ட்' என்று டீக்கடையில் பாஸ்போர்ட் வாங்குகிறவருக்குச் சட்டத்தில் இடமே இல்லை. கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு: 30,000 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி. ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது தரமாட்டார். மாற்று வழியையும் சொல்லி அனுப்ப வேண்டும், வேண்டாம் என்று மட்டும் சொன்னால் நம் பேச்சு எடுபடாது. ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் என்று தமிழ்நாடு அரசுக்கே ஒரு நிறுவனம் இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு அதன் மூலமும் போகலாம்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஐ.நா. 2000-ஆம் ஆண்டில் இரண்டு தனி ஒப்பந்தங்களைக் கொண்டுவந்தது. இந்தியா இரண்டையும் 2011-இல் ஏற்றது. ஏமாற்றியோ மிரட்டியோ ஆளைக் கொண்டுபோய்ச் சுரண்டுவதைத் தடுப்பது ஒன்று. காசு வாங்கிக்கொண்டு திருட்டுத்தனமாக எல்லை தாண்டவிடும் தொழிலைத் தடுப்பது மற்றொன்று. 2010 ஆகஸ்டில் 492 இலங்கைத் தமிழர்களோடு கனடாக் கரையை அடைந்த 'சன் சீ' கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வந்தவர்கள் பணம் கொடுத்து, தெரிந்தேதான் ஏறினார்கள். அது இரண்டாவது வகை. மியாவாடிக்குப் போனவன் நிலை இரண்டுங்கெட்டான். ஏமாற்றப்பட்டவனும் அவன்தான், விசா இல்லாமல் ஆற்றைத் தாண்டியவனும் அவன்தான். ஊர் திரும்பியதும் 'நீயும் மோசடி செஞ்சவன்தானே' என்று கேட்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். துப்பாக்கி முனையில் செய்த வேலைக்கு யார் பொறுப்பு?

திரும்பி வந்த பிறகான வேலை இன்னும் பொறுமை கேட்பது. வந்தவரிடம் நடந்ததையெல்லாம் விலாவாரியாகச் சொல்லச் சொல்லாதீர்கள். காவல்துறையில் ஒரு தடவை, வக்கீலிடம் ஒரு தடவை, சொந்தக்காரர்களிடம் பத்து தடவை சொல்லிச் சலித்திருப்பார். படம் எடுக்காதீர்கள். அரிசிப் பையை நீட்டிக்கொண்டு நிற்கும் புகைப்படம் யாருடைய மனநிறைவுக்கு? அவருக்கு வேண்டியது மனு எழுதிக் கொடுக்க ஒரு ஆள், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க் கூட்டத்துக்குக் கூட வர ஒரு ஆள்.

செங்கல் சூளை போன்ற இடங்களில் சிக்கிய கொத்தடிமைத் தொழிலாளர்கள் விஷயத்தில் இந்தக் காகித வேலை இன்னும் முக்கியம். 1976-ஆம் ஆண்டுச் சட்டம் முன்பணக் கடனையே ரத்து செய்துவிட்டது. ஒரு பைசா திருப்பித் தர வேண்டியதில்லை. ஆனால் விடுதலைச் சான்று கையில் வர வேண்டும். அது வந்தால் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த மறுவாழ்வு உதவிகளும் கேட்டுப் பெறலாம். சான்று கிடைக்காமல், சும்மா பேருந்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பப்பட்ட குடும்பம் அடுத்த பருவத்தில் வேறொரு மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு மறுபடி சூளைக்குப் போகும். அந்தச் சான்றுக்காக அரசு அலுவலக வராண்டாவில் காத்திருப்பதுதான், என் கணக்கில், இந்தப் பணியிலேயே பெரிய சேவை. அதற்குக் கைதட்டல் கிடைக்காது.

வெளிநாட்டில் பிள்ளை சிக்கிக்கொண்டான், போனையும் எடுக்கவில்லை என்று ஒரு தாய் வந்தால், முதலில் கைபேசியில் உள்ளதை அழிக்கவிடாதீர்கள். ஏஜென்ட்டோடு பேசிய உரையாடல், பணம் அனுப்பிய விவரம், பாஸ்போர்ட் நகல், டிக்கெட், கடைசியாக அவன் அனுப்பிய இடக்குறிப்பு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பிறகு வெளியுறவுத் துறையின் 'மதத்' தளத்தில் புகார் பதியலாம். உள்ளூர்க் காவல் நிலையத்திலும் எழுத்து மூலம் கொடுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் சட்டம் படித்திருக்க வேண்டுமா? வேண்டாம். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அங்கே சட்டத் தன்னார்வலர்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, அடையாள அட்டை தருகிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், கல்லூரி மாணவர் யாராயினும் விண்ணப்பிக்கலாம். மதிப்பூதியம் பஸ் காசுக்குச் சரியாகப் போகும், அவ்வளவுதான். கடத்தலுக்கு ஆளானவர்களுக்குச் சட்ட உதவி செய்வதற்கென்றே தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் 2015-இல் ஒரு திட்டம் வகுத்திருக்கிறது. ஆனால் அது கிராமம் வரை வந்து சேர ஆள் வேண்டும்.

மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு 1098. சட்ட உதவிக்கு 15100. அவசரத்துக்கு 112. உங்கள் தெருவில் யாராவது பாஸ்போர்ட் எடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டால், வாழ்த்துச் சொல்லும் கையோடு, 'ஏஜென்ட் நம்பரைக் கொண்டா, ஒரு தடவை பார்த்துடுவோம்' என்று கூப்பிட்டு உட்காரவையுங்கள்.