ரயிலேறிய மின்சார சைக்கிள்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உபயோகமா ஏதாவது பேசுப்பா, பத்து நிமிஷம்தான்" என்று செயலாளர் சொன்னார். எனக்குத் தெரிந்த உபயோகமான விஷயம் ஒன்றே ஒன்று: சைக்கிள். ஹாஸ்டலில் இருந்தபோது மணிக்கணக்குக்கு வாடகை சைக்கிள் எடுத்து, டைனமோ எரியாமல், டபுள்ஸ் போய், போலீஸ்காரரிடம் மாட்டிக்கொண்டவர்கள் இந்த ஹாலில் பாதிப் பேர் இருக்கிறீர்கள். என் பின்னால் கேரியரில் உட்கார்ந்து வந்தவன் மூன்றாவது வரிசையில் இருக்கிறான். அவனைக் கேட்டுக்கொண்டுதான் இதையெல்லாம் பேசுகிறேன்.

முழங்கால் இரண்டும் தகராறு செய்ய ஆரம்பித்தபோது, "நடையைக் குறைங்க, சைக்கிள் ஓட்டுங்க" என்றார் டாக்டர். 2022-ல் என் பையன் மின்சார சைக்கிள் ஒன்று வாங்கித் தந்தான். நாம் பெடல் மிதித்தால் மோட்டார் கூடச் சேர்ந்து தள்ளும். நம் நாட்டு விதிப்படி 250 வாட்டுக்குக் கீழே மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகம், அளவான எடை என்று இருந்தால் அது மோட்டார் வாகனமே இல்லை. லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. புக் வேண்டாம்.

2021-ல் நம் நாகர்கோவில் நண்பன் மனைவியை இழந்தான். அதன்பிறகு வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. போன் செய்தால் "ம்... ம்..." என்பான், அவ்வளவுதான். 2023 ஜனவரியில் சைக்கிளோடு கன்னியாகுமரி ரயிலேறினேன். இவனை எப்படியாவது ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று எண்ணம்.

இங்கேதான் ஒரு தப்பு செய்தேன். சைக்கிளை பார்சல் ஆபீசில் லக்கேஜாகப் போட்டேன். பேட்டரியைக் கழற்றித் தோள் பையில் வைத்துக்கொண்டேன். அது கூடுமா என்று யாரையும் கேட்கவில்லை. கேட்டால் கூடாது என்று சொல்லிவிடுவார்கள் என்பதால்தான் கேட்கவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்புதான் அந்தப் பேட்டரி மாடிப்படியில் உருண்டு, ஒரு மூலை விரிசல் விட்டிருந்தது. டேப் சுற்றி வைத்திருந்தேன்.

பையை லோயர் பெர்த்துக்குக் கீழே தள்ளிவிட்டுப் படுத்தேன். எதிர் சீட்டில் ஒரு குடும்பம். இடம் போதாமல் அந்த அம்மா கீழே துணி விரித்து, நாலு வயசுக் குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கினார். குழந்தையின் தலைக்கும் என் பைக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும். விழுப்புரம் தாண்டியதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. கையை விட்டுப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், சூடா இருக்கோ என்று. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒன்றும் ஆகாமல் போனதற்கு நான் எதையும் செய்திருக்கவில்லை.

நாம் எல்லோரும் சயன்ஸ் படித்தவர்கள், கொஞ்சம் கணக்குப் போடுவோம். என் பேட்டரி 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர். பெருக்கினால் 360 வாட்-அவர். ஒரு செல்போனில் இருப்பது இருபதுக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, சுமார் இருபது போன்களின் சக்தி ஒரே பெட்டிக்குள். விமானத்தில் பயணி 160 வாட்-அவருக்கு மேற்பட்ட பேட்டரியைக் கொண்டுபோகவே முடியாது. அதனால்தான் சைக்கிள்காரர்கள் ரயிலைத் தேடி வருகிறார்கள்.

இந்த லித்தியம் அயான் பேட்டரி 1991-ல் கடைக்கு வந்தது. அதை உருவாக்கிய மூவருக்கு 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. அருமையான சரக்கு, சந்தேகமில்லை. ஆனால் உள்ளே இருக்கும் திரவம் எரியக்கூடியது. அடிபட்டு உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் ஒரு செல் சூடாகும், அந்தச் சூடு பக்கத்து செல்லைப் பிடிக்கும், அது அடுத்ததை. என் பேட்டரி மாதிரி ஒன்றில் நாற்பது செல் வரை இருக்கும். லண்டனில் 2021 நவம்பரில் ஓடும் பாதாள ரயிலுக்குள் ஒரு மின்சார ஸ்கூட்டரின் பேட்டரி தீப்பிடித்தது. அடுத்த மாதமே ஸ்கூட்டர்களுக்குத் தடை போட்டார்கள். 2025 மார்ச் கடைசியில் மடக்க முடியாத மின்சார சைக்கிள்களையும் அங்கே நிறுத்திவிட்டார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2023 ஆகஸ்ட் 26, மதுரை. ஸ்டேஷன் யார்டில் நின்ற சுற்றுலாப் பெட்டியில், தடையை மீறி ஏற்றிய கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அன்று நான் சாப்பிடவில்லை. சிலிண்டரை ஏற்றியவர்களும் யாருக்கும் கெடுதல் நினைத்து ஏற்றியவர்கள் இல்லை. வழியில் சமைக்கத்தான். "யாருக்குத் தெரியப் போகுது" என்று அவர்களும் நினைத்திருப்பார்கள், என்னை மாதிரியே.

2024 பிப்ரவரியில் மறுபடி கிளம்பினேன். இதற்குள் நண்பனுக்கும் அவன் மகள் அதே மாடல் சைக்கிள் வாங்கித் தந்திருந்தாள். அது உறை போட்டபடி திண்ணையிலேயே நின்றது. இந்த முறை கவுண்டரில் உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"ஆர்.சி. புக் எங்க சார்?"

"இதுக்கு ஆர்.சி. கிடையாதுங்க, சைக்கிள்தான்."

"மோட்டார் இருக்கே?"

கடைசியில் மேலதிகாரி வந்தார். பேட்டரியைக் காட்டினேன், விரிசலையும் காட்டினேன். பக்கத்தில் நின்ற போர்ட்டர், "எதுக்கு சார் இதெல்லாம் சொல்றீங்க, பையில போட்டுக்கிட்டு ஏற வேண்டியதுதானே" என்று தலையில் அடித்துக்கொண்டார். அதிகாரி நிதானமாகச் சொன்னார்: "வண்டியை லக்கேஜா போட்டுத் தர்றேன். இந்த பேட்டரியை நான் ஏத்த மாட்டேன். நீங்களும் கையில கொண்டு போகாதீங்க." பேட்டரியை மருமகனிடம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, நண்பனுக்கு போன் செய்தேன்.

"டேய், பேட்டரி இல்லாம வர்றேன்டா. இருபது கிலோ இரும்பை நான் தனியா மிதிக்க முடியாது. காலையில உன் வண்டியை எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்கு வா."

"ம்..." என்றான். வருவான் என்று நான் நம்பவில்லை.

விடிகாலை கன்னியாகுமரியில் இறங்கினால், பிளாட்பாரக் கேட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நாகர்கோவிலிலிருந்து இருபது கிலோமீட்டர் இருட்டில் ஓட்டி வந்திருக்கிறான். "அறுபத்தெட்டு வயசுல தூக்கத்தைக் கெடுத்துட்டியேடா" என்று திட்டினான். மூன்று வருஷத்தில் அவன் என்னிடம் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

பேட்டரி ஒன்று, வண்டி இரண்டு. அவனுடையதில் பாதிக்கு மேல் செலவாகியிருந்தது. சுசீந்திரம் வரை அவன் வண்டியில், அதற்கப்புறம் கழற்றி என் வண்டியில். பேட்டரி இல்லாதவன் மூச்சு வாங்க மிதிப்பான், இருக்கிறவன் முன்னால் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். ஹாஸ்டலில் ஒரே சைக்கிளை இரண்டு பேர் மாற்றி மாற்றி மிதித்த ஞாபகம். சுசீந்திரம் டீக்கடையில் அவன் தன் மனைவியைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். இரண்டு டீ ஆறிப்போனது.

செயலாளர் மணியைப் பார்க்கிறார். கொண்டுபோக நினைப்பவர்களுக்கு நாலு வார்த்தை. லக்கேஜாகப் போடுங்கள். அப்போதுதான் நீங்கள் போகும் ரயிலிலேயே வரும், பார்சல் என்றால் பின்னால் வந்தாலும் வரும். புறப்பட அரை மணி முன்னதாகக் கொண்டுவரச் சொல்கிறது விதி. நீங்கள் இரண்டு மணி முன்னதாகப் போங்கள். கிளம்பும் ஸ்டேஷனில் ஏற்றிக் கடைசி ஸ்டேஷனில் இறக்குவது உத்தமம். இரண்டு நிமிஷம் நிற்கும் ஊரில் சைக்கிள் இறங்காமல் உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி, சாக்கு சுற்றி, பெயரையும் ஊரையும் இரண்டு இடத்தில் எழுதுங்கள். பேட்டரியை முன்கூட்டியே காட்டிக் கேளுங்கள். மாட்டேன் என்றால் விட்டுவிட்டுப் போங்கள். அடிபட்டது என்றால் கேட்கவே வேண்டாம், விற்றவரிடம் திருப்பிக் கொடுங்கள். தயாரிப்பவர்தான் பழைய பேட்டரிக்குப் பொறுப்பு என்று 2022-லேயே விதி வந்துவிட்டது. என்னுடையதை நான் அப்படித்தான் ஒழித்தேன்.

நம் வேதியியல் பேராசிரியர் லேபில் ஒன்று சொல்வார், ஞாபகம் இருக்கிறதா? லேபிள் ஒட்டாத பாட்டிலைப் பக்கத்தில் இருப்பவன் மேஜையில் வைக்காதே என்பார். அதை நான் உணர நாற்பத்தைந்து வருஷம் ஆயிற்று.